சஸ்பிஷன் (1941): அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை நம்புகிறீர்களா?

இரண்டாம் ஆட்டம்:

நேற்று இரவு இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘சஸ்பிஷன்’ படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். மூன்றாம் முறையும் முடிவில் எரிச்சல்தான் மிஞ்சியது. 1941-இல் வந்த படம், ஆகவே கதையை உடைத்துவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த இழையே முடிவைப் பற்றியதுதான்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஜெனரலின் மகள் லீனா. கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தில் மூழ்கியிருப்பவள். இவளுக்கு இனிக் கல்யாணம் எங்கே ஆகப்போகிறது என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வது ஜன்னல் வழியே அவள் காதில் விழுகிறது. அந்த நொடியே, பக்கத்தில் நிற்கும் ஜானியை இழுத்து முத்தமிடுகிறாள். ஜானி அழகன், பேச்சுக்காரன், கையில் காலணா இல்லாதவன். வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் நடக்கிறது. தேனிலவு முடிந்து புதுவீட்டுக்குள் காலடி வைத்த பிறகுதான், எல்லாம் கடனில் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியவருகிறது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. குதிரைப் பந்தயம், பொய், வேலை பார்த்த இடத்தில் கையாடல். நண்பன் பீக்கி பாரிஸில் சாகிறான். மனைவியின் ஆயுள் காப்பீட்டுப் பணத்தைப் பற்றி ஜானி விசாரித்தது ஒரு கடிதத்தில் வெளிப்படுகிறது. தடயமே விடாத விஷம் எது என்று ஊரிலிருக்கும் துப்பறியும் நாவலாசிரியையிடம் கேட்டு வைத்திருக்கிறான். இரவில் ஒரு டம்ளர் பாலோடு மாடிப்படி ஏறி வருகிறான். அவள் குடிப்பதில்லை. மறுநாள் அம்மா வீட்டுக்குப் புறப்படுகிறாள், அவனே காரோட்டுகிறான். செங்குத்தான கடலோரப் பாதையில் அவள் பக்கத்துக் கதவு திறந்துகொள்கிறது. அவன் கை நீட்டுகிறான். தள்ளத்தான் வருகிறான் என்று அவள் அலறுகிறாள்.

தள்ள வரவில்லையாம். பிடித்து இழுக்க வந்தானாம். விஷம் தனக்காகத்தான் கேட்டானாம். கார் திரும்புகிறது, இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள், சுபம்.

99 நிமிடப் படத்தில் 96 நிமிடம் கயிற்றை முறுக்கிவிட்டு, கடைசி மூன்று நிமிடத்தில் அவிழ்த்துக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? எனக்குக் காசைத் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. உங்களுக்கு?

ஒலிப்பதிவு:

எனக்கு இந்தப் படம் அந்தப் பால் டம்ளரோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் கார் மலையில் ஏறினால் என்ன, கடலில் விழுந்தால் என்ன?

அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். கீழே இருட்டான கூடம். கதவு திறந்ததும் வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் விழுகிறது. ஜானியாக நடிக்கும் கேரி கிராண்ட் படியேறுகிறார், முகம் நிழலில் கிடக்கிறது. சுவர் முழுக்க ஜன்னல் கம்பிகளின் நிழல் சிலந்தி வலைபோல் விரிந்திருக்கிறது. இத்தனை இருட்டில் பால் மட்டும் பளீரென்று வெள்ளையாக மிதந்து வருகிறது. டம்ளருக்குள் ஒரு சிறிய விளக்கை வைத்துத்தான் படமெடுத்ததாக ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார். பார்ப்பவர் கண் வேறெங்கும் போகக்கூடாது என்பதற்காக.

இப்போது ஒலியோடு பாருங்கள். இருவரும் காதலிக்கும்போது வந்த அதே ஸ்ட்ராஸ் வால்ட்ஸ் மெட்டுத்தான் இங்கேயும் வருகிறது. இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் அதைக் கோணலாக்கி, மெதுவாக்கி, நோய்வாய்ப்பட்டதுபோல் வாசிக்கவிட்டிருக்கிறார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு குறுகுறுப்பும் உண்டு. புதுப்பெண், பால், படுக்கையறை மூன்றும் சேர்ந்தால் நம் பழைய படங்களில் என்ன காட்சி என்று சொல்லத் தேவையில்லை. சொம்பைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வருபவள் அவள். இங்கே அவன் கொண்டுவருகிறான், அவள் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

நூலகப் பூனை:

இதற்கு மூலமான நாவலைப் படித்தவள் என்ற முறையில் நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். ‘பிஃபோர் தி ஃபேக்ட்’, 1932. எழுதியவர் ஃபிரான்சிஸ் ஐல்ஸ். அந்தோனி பெர்க்லி காக்ஸின் புனைபெயர்களில் ஒன்று அது.

நாவலில் மர்மமே கிடையாது. தான் ஒரு கொலைகாரனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்பதை உணர லீனாவுக்கு ஏறக்குறைய எட்டு வருடம் ஆயிற்று என்று முதல் பத்தியிலேயே ஆசிரியர் போட்டு உடைத்துவிடுகிறார். அதற்குப் பிறகும் நம்மைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போகிறார். அந்தத் துணிச்சலுக்காகவே படிக்கலாம். கடைசியில் அவன் விஷம் கொடுக்கிறான். அவளுக்கு அது விஷம் என்று தெரியும். தெரிந்தே குடிக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு.

ஆகவே, ‘அவன் செய்வானா மாட்டானா’ என்ற கேள்வியே சினிமாவுக்காகச் செருகப்பட்டது. நாவலின் கேள்வி வேறு: இவள் ஏன் எழுந்து போகவில்லை?

அரிக்கேன் விளக்கு:

முடிவு ஏன் மாறியது என்ற கதையை ஹிட்ச்காக் பல முறை சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட நேர்காணலில் அது விரிவாக இருக்கிறது. அவர் எடுக்க விரும்பியதாகச் சொன்ன முடிவு இப்படி:

பால் வருவதற்கு முன் லீனா தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதி முடிக்கிறாள். இவனை நான் தீராமல் நேசிக்கிறேன், ஆனால் இவன் கொலைகாரன், எனக்கு வாழ விருப்பமில்லை, ஊரை இவனிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். அவன் பால் கொண்டுவருகிறான். குடிப்பதற்கு முன், “இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுகிறாயா?” என்று அவனிடமே கொடுக்கிறாள். குடிக்கிறாள், இறக்கிறாள். கடைசிக் காட்சியில் ஜானி உற்சாகமாகச் சீட்டியடித்துக்கொண்டு வந்து, தன்னைத் தூக்குமேடைக்கு அனுப்பப்போகும் கடிதத்தைத் தன் கையாலேயே தபால்பெட்டியில் போடுகிறான்.

எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஆனால் படத்தைத் தயாரித்த ஆர்கேஓ நிறுவனத்துக்குத் துணிவில்லை. கேரி கிராண்ட் கொலைகாரனாக வந்தால் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற அச்சம் ஒரு பக்கம். அக்காலத் தணிக்கை நெறிமுறை மறுபக்கம், தெரிந்தே விஷம் குடிக்கும் கதாநாயகியை அது எளிதில் விட்டுவிடாது. முன்னோட்டமாகக் காட்டிய வேறொரு முடிவும் பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஹிட்ச்காக் ஊரில் இல்லாத நேரத்தில், கிராண்ட் கொலைகாரனாக இருக்கலாம் என்று ஐயம் தரும் காட்சிகளையெல்லாம் வெட்டியெறியச் சொன்னாராம் ஒரு தயாரிப்பாளர். வெட்டி முடித்தபோது 55 நிமிடப் படம்தான் மிஞ்சியதாம்! சந்தேகத்தை எடுத்துவிட்டால் ‘சந்தேகம்’ என்ற படத்தில் என்ன மிஞ்சும்? நல்லவேளை, நிறுவனத் தலைவருக்கே அது அபத்தமாகப் பட்டு, எல்லாவற்றையும் மறுபடி ஒட்டவைத்தார்கள்.

சந்தேகப் பிராணி:

அரிக்கேன் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்தக் கடித முடிவை ஹிட்ச்காக் பிற்காலத்தில் இட்டுக்கட்டிச் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. நிறுவனத்தின் பழைய கோப்புகளைத் துழாவிய ஆய்வாளர்கள், தொடக்கத்திலிருந்தே இதை ‘மனைவியின் கற்பனை’ பற்றிய கதையாகத்தான் அவர் திட்டமிட்டார் என்று வாதிட்டிருக்கிறார்கள். பெரிய இயக்குநர்கள் வயதான பிறகு தரும் நேர்காணல்கள், கல்யாண வீட்டில் தாத்தாக்கள் சொல்லும் வேட்டைக் கதைகள் மாதிரி. ஒவ்வொரு முறையும் புலி ஒரு முழம் நீளும்.

என் கட்சி இதுதான்: ஜானி குற்றமற்றவன். லீனா மனத்துக்குள்ளேயே படம் ஓட்டிப் பார்ப்பவள். எழுத்துக் கட்டைகளை வைத்து ஆடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவள் கை தன்னையறியாமல் ‘கொலை’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்க்கிறது. உடனே, பீக்கி பாறை உச்சியிலிருந்து விழுவதுபோல் அவளாகவே கற்பனை செய்து மயங்கி விழுகிறாள். பதறியடித்து ஓடிப் பார்த்தால் என்ன? ஜானியும் பீக்கியும் வீட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். விளிம்பை நோக்கி உருண்ட காரிலிருந்து ஜானிதான் பீக்கியைக் காப்பாற்றியிருக்கிறான். இயக்குநர் பாதிப் படத்திலேயே விடையைச் சொல்லிவிட்டார். நாம்தான் கேட்கவில்லை.

அரிக்கேன் விளக்கு:

தம்பி, புலி நீளட்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா?

படம் எங்கே தொடங்குகிறது? ரயில் பெட்டியில். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் வந்து உட்கார்கிறான் ஜானி. பரிசோதகர் வித்தியாசத் தொகை கேட்கிறார். கையில் சில்லறை போதாமல், முன்பின் தெரியாத லீனாவின் பணப்பையிலிருந்து ஒரு தபால்தலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, “உன் அம்மாவுக்குக் கடிதம் போடு” என்று பரிசோதகரிடம் நக்கலடிக்கிறான்.

தன் படங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நொடி தலைகாட்டுவாரே ஹிட்ச்காக், இதில் என்ன செய்துகொண்டு வருகிறார்? கிராமத்துத் தபால்பெட்டியில் கடிதம் போடுகிறார்.

அவளுடைய தபால்தலை, அம்மாவுக்குக் கடிதம், தபால்பெட்டி. கடித முடிவு பிற்காலக் கற்பனை என்றால் இவையெல்லாம் படத்துக்குள் எப்படி வந்தன?

சந்தேகப் பிராணி:

அது அழகான கோவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் யாரும் யாரையும் எதையும் நேரில் கேட்பதில்லை. எல்லாச் செய்தியும் கடிதமாகவும் தந்தியாகவும்தான் வருகிறது. அப்படிப்பட்ட படத்தில் தபால்பெட்டி வருவதில் வியப்பென்ன? பழைய நேர்காணலைப் படித்துவிட்டு அதற்குச் சாட்சி தேடினால், கிடைக்காமலா போகும்? லீனாவும் அதைத்தானே செய்கிறாள்!

இரண்டாம் ஆட்டம்:

நன்றாகக் குத்தினீர்கள்.

கோலம்:

இங்கே எல்லாரும் கொலை நடந்ததா இல்லையா என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன். அந்த இரண்டு நாற்காலிகளை யாருக்கும் நினைவில்லையா?

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா அனுப்பிய சீர் அது. அவள் பிறந்த வீட்டில் பரம்பரையாக இருந்த, வேலைப்பாடு மிக்க நாற்காலிகள். சின்ன வயதிலிருந்து அவற்றைப் பார்த்து வளர்ந்தவள். நாற்காலிகள் வந்திறங்கியதும் அவள் முகம் மலர்கிறது. கொஞ்ச நாளில் அவை வீட்டில் இல்லை. கேட்டால், அமெரிக்காக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார் என்கிறான். அந்தப் பொய்யை நம்பவேண்டும் என்று அவள் படும் பாடு இருக்கிறதே! பிறகு கடைத்தெருவில் நடந்துபோகும்போது, கடைக் கண்ணாடிக்குள் அந்த நாற்காலிகள் விற்பனைக்கு நிற்கின்றன.

அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பால் டம்ளர் வந்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். கல்யாணமாகி ஆறு மாதம் ஆவதற்குள் அம்மா போட்ட இரட்டைவடச் சங்கிலி பெட்டியில் இல்லை. பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றார் கணவர். அக்கா எங்களிடமும் அதையே சொன்னார். அடகுக் கடை ரசீது சட்டைப்பையில் கிடைத்த பிறகும், ஒரு வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஜானியைப் போலவே சிரித்துச் சிரித்துப் பேசுபவர்தான். ஆனால் அந்த அக்கா ராத்திரி தூங்கியதே இல்லை என்று பிற்பாடு சொன்னார்.

ஆகவே ‘எல்லாம் அவள் கற்பனை’ என்று சொல்லும் தம்பிக்கு: நாற்காலி கற்பனையா? கையாடல் கற்பனையா? மாமனார் செத்த பிறகு உயில் வாசிக்கும்போது, பெரிய சொத்து வரும் என்று காத்திருந்து, தன் உருவப்படத்தை மட்டும்தான் கிழவர் விட்டுப்போயிருக்கிறார் என்று தெரிந்ததும், அந்தப் படத்தைப் பார்த்து “நீ ஜெயித்துவிட்டாய், கிழவா” என்கிறானே, அது கற்பனையா? கொல்லாமல் இருப்பதே பெரிய யோக்கியதையா?

நூலகப் பூனை:

கோலம் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு முடிவுக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். இதுவரை கவனிக்காத ஒன்று பட்டது.

விஷத்தைத் தனக்காகத்தான் கேட்டேன் என்று ஜானி முதலில் சொல்வதில்லை. அதை லீனாதான் எடுத்துக் கொடுக்கிறாள். அவன் சிறைக்குப் போகப்போவதாகப் பேசுகிறான். அவளே முந்திக்கொண்டு, ‘அப்படியானால் நீ உன்னையே மாய்த்துக்கொள்ளப் பார்த்தாய்’ என்று முடிச்சைப் போடுகிறாள். அவன் அதைப் பிடித்துக்கொள்கிறான். பீக்கி இறந்தபோது எங்கே இருந்தாய் என்று கேட்கிறாள். லிவர்பூலில், உன் காப்பீட்டின் பேரில் கடன் கிடைக்குமா என்று பார்க்கப் போயிருந்தேன் என்கிறான். அவ்வளவுதான். லிவர்பூலில் அவனைப் பார்த்தவர் யார்? படம் சொல்லவில்லை.

சந்தேகப் பிராணி, நீங்கள் காட்டிய பாறை உச்சிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அங்கே அவள் சந்தேகம் பொய்யானது எப்படி? பீக்கி உயிரோடு வந்து, ஜானிதான் என்னைக் காப்பாற்றினான் என்று தன் வாயால் சொல்கிறான். சாட்சி இருக்கிறது. கடைசியில்? சாட்சி சொல்ல பீக்கி இல்லை. பாரிஸில் அவனோடு பிராந்தி பந்தயம் கட்டிக் குடித்த ஆள் யார் என்பது கண்டுபிடிக்கப்படவே இல்லை. அங்கிருந்த பரிசாரகருக்கு ஆங்கிலம் தெரியாது, ‘ஓல்பீம்’ என்பதுபோல் ஏதோ பெயர் காதில் விழுந்ததாகச் சொல்கிறார். பீக்கி ஜானியை எப்போதும் எப்படிக் கூப்பிடுவான்? ‘ஓல்ட் பீன்’. அந்த முடிச்சைப் படம் அவிழ்க்காமலேயே விட்டுவிடுகிறது. பிராந்தி குடித்தால் பீக்கிக்கு மூச்சு முட்டும் என்பது ஜானிக்குத் தெரியும், முன்பே வீட்டில் நடந்திருக்கிறது.

ஆக, 96 நிமிடமாகப் பொய்யைத் தவிர வேறெதுவும் சொல்லாத ஒருவன் வாயிலிருந்து வந்த சொல் ஒன்றுதான் இந்தச் சுபத்துக்கு ஆதாரம். நாம் நம்பினால், லீனா ஏன் நம்பினாளோ அதே காரணத்துக்காகத்தான் நம்புகிறோம்: அவன் கேரி கிராண்ட்.

இரண்டாம் ஆட்டம்:

பூனை, நான் பத்து வருடமாக இந்த முடிவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

சந்தேகப் பிராணி:

குழம்ப வேண்டாம். ஒரே கேள்வி. முடிவு இத்தனை நுட்பமாக இருந்தால், ஹிட்ச்காக் ஏன் அதைப் பற்றிக் கடைசிவரை புலம்பினார்? தனக்கே திருப்தியில்லாத முடிவு என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டைக் கட்டியவரே கூரை ஒழுகுகிறது என்கிறார். நாம் நின்றுகொண்டு, இல்லை, அது வேண்டுமென்றே விட்ட ஓட்டை, நிலா வெளிச்சம் வருவதற்காக என்கிறோம்.

ஒலிப்பதிவு:

அவருக்குத் திருப்தியில்லாமல் இருக்கட்டும். படம் அவர் ஒருவருடையதா? திரைக்கதையில் மூன்று பேர்: சாம்சன் ராஃபேல்சன், ஜோன் ஹாரிசன், ஹிட்ச்காக்கின் மனைவி ஆல்மா ரெவில். எப்படி முடியும் என்பது இழுபறியில் இருந்தபடியே படப்பிடிப்பு நடந்தது. அதனால் கிராண்ட் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு பக்கமும் சாயக்கூடியதாக நடிக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடிதான் இந்த நடிப்பைக் கொடுத்தது என்பேன். காட்சிக்குக் காட்சி அவர் கண்களை மட்டும் பாருங்கள். வாய் சிரிக்கும்போது கண் எங்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அதுவரை நகைச்சுவைக் காதலனாகவே பெயரெடுத்த மனிதர். ஹிட்ச்காக்கோடு அவருக்கு இதுதான் முதல் படம்.

த்ரூஃபோவும் அதே நேர்காணலில், மனோதத்துவ அளவில் நாவலைவிடப் படமே மேல் என்று ஹிட்ச்காக்கிடமே வாதாடியிருக்கிறார். எனவே கூரை ஒழுகுகிறது என்பதில் வீட்டுக்காரரோடு ஒத்துப்போகாதவர் நம் பூனை மட்டுமல்ல.

இன்னொன்று, சும்மா ஒரு தகவல். பீக்கியின் மரணத்தை விசாரிக்க வரும் துப்பறிவாளர்களில் ஒருவர், கூடத்தில் மாட்டியிருக்கும் பிக்காசோ பாணி ஓவியத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒன்றும் புரியாது, நகரவும் மாட்டார். படத்தை முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் நின்றேன்.

அரிக்கேன் விளக்கு:

லீனாவாக நடித்த ஜோன் ஃபான்டெயினைப் பற்றி யாருமே பேசவில்லையே! 1942 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகை விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. போட்டியில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்த அக்கா ஒலிவியா டி ஹாவிலண்ட். ஹிட்ச்காக் இயக்கிய படங்களில் நடிப்புக்காக ஆஸ்கர் வென்றவர் இவர் ஒருவரே என்பது இன்னும் வியப்பு.

முந்தைய ஆண்டு ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’வுக்குக் கொடுக்காமல் விட்டதற்குப் பரிகாரம் என்று பலரும் சொல்வார்கள். அதிலும் புதுமணப்பெண்தான், அதிலும் கணவனைக் கண்டு நடுக்கம்தான். வேடிக்கை என்னவென்றால், நாவலில் மனைவியைச் சுட்டுக் கொன்ற ரெபெக்காவின் கணவனையும் தணிக்கை நெறிமுறை விட்டுவைக்கவில்லை. படத்தில் அது விபத்தாக மாறியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு படங்கள், ஒரே இயக்குநர், ஒரே நடிகை. நாவல்களில் கொலைகாரர்களாக இருந்த இரண்டு கணவர்களும் திரைக்கு வரும்போது கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கோலம்:

ரெபெக்காவில் அவளுக்குப் பெயரே இல்லை. இதிலாவது பெயர் இருந்ததே என்று பார்த்தால், குரங்கு மூஞ்சி என்று செல்லமாகக் கூப்பிடுகிறான்.

பூனை, நீ முடிவைப் பற்றி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டாய். அந்தக் கார் நின்ற இடத்தில், தப்பெல்லாம் தன்மேல்தான் என்று பேசத் தொடங்குகிறாளே, அதைக் கேட்டாயா? நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன், உனக்கு நெருக்கமாக இருந்திருந்தால் நீ என்னிடம் சொல்லியிருப்பாய் என்கிறாள். பணத்தைக் கையாடியவன் அவன், பொய் சொன்னவன் அவன், நாற்காலியை விற்றவன் அவன். மன்னிப்புக் கேட்பவள் இவள்.

எங்கள் தெரு அக்காவும் கடைசியில் அப்படித்தான் சொன்னார். நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டேன், அதனால்தான் அவர் மறைத்தார் என்று.

சந்தேகப் பிராணி:

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜானி கொலைகாரன் இல்லை என்ற கட்சியில் இன்னும் நிற்கிறேன். ஆனால் ‘குற்றமற்றவன்’ என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நூலகப் பூனை:

அந்தப் பாலை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

ஒலிப்பதிவு:

இல்லை. இத்தனைக்கும் தடயமில்லாத விஷம் என்றுதானே பேச்சு. சோதித்தாலும் தெரிந்திருக்காது.

இரண்டாம் ஆட்டம்:

இழையைத் தொடங்கியவன் நான்தான், எனவே இன்று மாலை கடைசிப் பத்து நிமிடத்தை நான்காம் முறையாகப் பார்த்தேன். கோபத்தில் இதுவரை அந்தக் கடைசி ஷாட்டை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று இப்போது தெரிகிறது.

நாம் காருக்குப் பின்னால் இருக்கிறோம். இரண்டு தலைகளின் பின்பக்கம் மட்டும் தெரிகிறது. வீட்டுக்குத் திரும்பலாம் என்று அவள் கெஞ்சுகிறாள், அவன் முடியாது என்கிறான். கார் நேராகப் போகிறது. சற்று தூரத்தில் அகலமாக ஒரு வளைவெடுத்து, வந்த வழியே திரும்புகிறது. அப்போது அவன் கை மெதுவாக எழுந்து அவள் தோளைச் சுற்றிக்கொள்கிறது. சிறிது நேரத்துக்கு முன் அவள் கண்டு அலறிய கையும் அவனுடையதுதான். இரண்டு பேர் முகமும் நமக்குக் காட்டப்படுவதில்லை.

எரிச்சல் வரவில்லை. நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன்.

கோலம்:

அங்கே அம்மா மகளுக்குப் படுக்கை விரித்து வைத்துக் காத்திருந்திருப்பார்.